பூஜைப் பாட்டும் இறால் பெட்டியும்

கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைப்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. சிடி டிரைவின் வாய்க்குள் சந்தனத்தை அப்பினால் ஆட்சேபணை உண்டு. காற்றுப் போகிற ஓட்டையில் எலுமிச்சம்பழத்தைச் செருகினால் உண்டு. கீபோர்டின் மேல் பொரியையும் பொட்டுக்கடலையையும் கொட்டி, அதன்மேல் தேங்காய்த் தண்ணீரைச் சிந்தி, லீவு நாட்களில் அது ஊறிப் புளித்து எறும்பு மொய்த்துக் கிடக்கும்போது, “ஏம்மா, கொஞ்சம் தொடச்சிடு” என்று என்னிடம் சொன்னால் நிச்சயமாக உண்டு. அந்த யார்டில் நான் வேலை பார்த்த வருஷங்களில் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் இதே கூத்துதான். காது குடைகிற பஞ்சுக் குச்சியை வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து நோண்டி எடுப்பேன். கன்ட்ரோல் ரூமில் இருந்த ஒரே பெண் நான். ஆகவே துடைப்பது என் வேலை என்று அங்கே யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில வருஷங்கள் அவை. திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற ரோட்டில் இருந்தது அந்த கன்டெய்னர் யார்டு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் லாரி. லாரி என்றால் ஓடுகிற லாரி இல்லை, நிற்கிற லாரி. துறைமுகத்துக்குள் போக முறை வரும்வரை ரோட்டோரத்தில் நாள்கணக்காக நிற்கும். டிரைவர்களும் கிளீனர்களும் அங்கேயே சமைத்து, அங்கேயே குளித்து, மற்றதையும் அங்கேயே முடித்துவிடுவார்கள். வேறு எங்கே போவார்கள் என்று கேட்டால் அதற்கும் பதில் கிடையாது. நான் ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, யார்டு கேட் வரைக்கும் துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே நடப்பேன். மணலிப் பக்கமிருந்து காற்றுத் திரும்பினால் அழுகின முட்டை நாற்றம். எண்ணூர்ப் பக்கமிருந்து திரும்பினால் நிலக்கரித் தூசி. மத்தியானம் முகம் துடைத்தால் கைக்குட்டை கறுத்துவிடும்.

அதே யார்டில் என் அண்ணனும் வேலை பார்த்தான். ரீஃபர் பெட்டிகளுக்கு பிளக் போடுகிற வேலை. ரீஃபர் என்றால் குளிர்ப்பெட்டி. இறாலும் மீனும் கப்பல் ஏறுகிறவரை உறைந்தபடி இருக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு பெட்டியிலும் அதன் குளிர் மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பெட்டி வந்ததும் கரண்டில் சொருகுவது, கரண்டு போகாமல் பார்த்துக்கொள்வது, பெட்டி கிளம்பும்போது பிடுங்குவது, இவ்வளவுதான் வேலை. அப்பா துறைமுகத்தில் நிரந்தர ஊழியராக இருந்து ரிட்டயர் ஆனவர். அண்ணனோ கான்ட்ராக்ட். அவன் கழுத்தில் தொங்கிய பாஸில் கான்ட்ராக்டர் பெயர்தான் இருந்தது, யார்டின் பெயர் இல்லை. அந்த வருஷம் அவனுக்குப் பெண் பார்த்து முடித்திருந்தோம். தை மாதம் கல்யாண ஓலை வாசிக்க மாதா கோயிலில் சாமியாரிடம் சொல்லியும் வைத்தாயிற்று. பெண்ணின் அப்பா முதல் நாளே எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, “வேலை நிலையானதுதானே?” என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அம்மா அவருக்குக் காப்பியைத்தான் நீட்டினாள்.

முன்பெல்லாம் ஒரு ஷிஃப்டுக்கு மூன்று பேர் பிளக் பார்ப்பார்கள். வரிசை வரிசையாக நடந்து, ஏணி போட்டு ஏறி, மேல் அடுக்குப் பெட்டிகளையும் பார்த்துவிட்டு வருவார்கள். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஒவ்வொரு பிளக்கிலிருந்தும் ஓர் ஒயர் கன்ட்ரோல் ரூமுக்கு வரும். எந்த பிளக்கில் கரண்டு போனாலும் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து, யார்டு முழுக்கக் கட்டியிருந்த ஸ்பீக்கர்களில் சைரன் ஊதும். அது லினக்ஸ் மெஷின். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்பதற்காகவே முதலாளிக்கு லினக்ஸ் மேல் அத்தனை பிரியம். அதைக் கவனித்துக்கொள்ளத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

சைரன் வந்த கையோடு மேனேஜர் ஆட்களைக் குறைத்தார். ஷிஃப்டுக்கு ஒரே ஆள் என்றாயிற்று. “சைரன் அடிச்சா ஓடு. அடிக்கலைன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம்” என்று அண்ணனிடம் அவரே என் முன்னால் சொன்னார். அதற்குப் பிறகு ஏணி ஸ்டோருக்குள் போய்விட்டது. சைரன் அடித்தால்தான் வெளியே வரும்.

லினக்ஸில் ஒரு புரோகிராமை ஏற்றுவது எப்படி என்று இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். புரோகிராம்கள் பேக்கேஜ் என்று கட்டுக்கட்டாக வரும். ஒரு கட்டு தனியாக வராது. கல்யாணத்துக்கு ஒருத்தரைக் கூப்பிட்டால் சம்பந்தி, சகலை, சகலையின் தம்பி என்று வேன் நிறைய வந்து இறங்குகிற மாதிரி, எனக்குத் துணைக்கு இந்த லைப்ரரி வேண்டும், அந்த லைப்ரரிக்கு இன்னொன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போகும். இந்தக் கட்டுகள் எல்லாம் இருக்கிற கிடங்குக்குப் பெயர் ரெபாசிட்டரி. ஒரே கிடங்கிலிருந்து எடுத்தால் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும். இரண்டு கிடங்குகளிலிருந்து எடுத்தால் வந்தது வம்பு. ஒரே லைப்ரரி இரண்டிலும் இருக்கும், ஆனால் பதிப்பு வேறாக இருக்கும். புதியது வந்து பழையதைத் தள்ளிவிட்டு உட்காரும். பழையதை நம்பியிருந்த புரோகிராம் நடுத்தெருவில் நிற்கும். இதெல்லாம் நடக்கப் போகிறது என்று மெஷினே எச்சரிக்கும், ஏற்ற மாட்டேன் என்று மறுக்கவும் செய்யும். ஆனால் கட்டளையோடு ‘ஃபோர்ஸ்’ என்று ஒரு வார்த்தையைச் சேர்த்து அடித்தால், வாயை மூடிக்கொண்டு ஏற்றிவிடும். அந்த வார்த்தையை அதில் வைத்தவன் யாரோ, அவன் முகத்தை ஒரு நாள் பார்க்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

என் மெஷினில் ஒரே கிடங்குதான். சிஸ்டத்தோடு வந்த சிடிக்கள், அவ்வளவே. இன்டர்நெட் என்பது மேனேஜர் அறையில் போன் லைனில் இழுத்துக்கொண்டு வரும். அதில் ஒன்றும் ஏறாது.

கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு வெளியிலிருந்து ஓர் ஆள் வருவார். அவரிடம் கறுப்பு நிறத்தில் ஒரு சிடி பவுச் இருந்தது. பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி, பர்மா பஜாரில் வாங்கியது, யாரோ தோஸ்து காப்பி எடுத்துக் கொடுத்தது, எல்லாவற்றிலும் இருந்த பேக்கேஜ்களை ஒன்றாகக் கொட்டி, அவரே சொந்தமாக ஒரு கிடங்கு தயாரித்து வைத்திருந்தார். எந்தக் கட்டு எந்த சிஸ்டத்துக்கானது என்று அவருக்கும் தெரியாது. “என்கிட்ட இல்லாத பேக்கேஜே கிடையாது மேடம்” என்பார். சிடியைச் சட்டை வயிற்றில் தேய்த்துத் துடைத்துப் போடுவார். வாயில் எந்நேரமும் பாக்கு. அவர் பேசிவிட்டுப் போனதும் என் ஸ்கிரீனில் சிவப்புப் புள்ளிகள் இருக்கும். எது கேட்டாலும், எது மறுத்தாலும், அவரிடம் ஒரே மருந்துதான், ஃபோர்ஸ். எனக்கு அவரைக் கண்டாலே குமட்டும்.

அந்த வருஷம் ஆயுத பூஜை, விஜயதசமி, ஞாயிறு மூன்றும் ஒட்டி வந்தன. ஆகவே லீவுக்கு முந்தின நாள் மத்தியானமே யார்டில் பூஜை வைத்துவிட்டார்கள். கிரேனுக்கு மாலை, ஃபோர்க்லிஃப்டுக்கு மாலை, எடைமேடைக்கு மாலை. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் ஸ்பேனர் பிடிக்கிற கை எந்தக் கோயிலுக்குப் போகிற கையாக இருந்தாலும் ஆயுத பூஜையன்று குங்குமம் தொடும். யார்டில் பூசணிக்காய் உடைப்பது வருஷா வருஷம் என் அண்ணன்தான். அவன் தோளுக்கு உயர்த்திப் போட்டால் காய் நாலாபக்கமும் சிதறும், எல்லோரும் கை தட்டுவார்கள்.

எல்லாம் இருந்தது, பாட்டு இல்லை. டேப் ரெக்கார்டர் புகைந்துபோய் மாசக்கணக்காகிறது. யார்டு முழுக்க ஸ்பீக்கர் இருக்கும்போது கம்ப்யூட்டரிலேயே பாட்டுப் போட்டால் என்ன என்று மேனேஜருக்குத் தோன்றியிருக்கிறது. அண்ணன் தன்னிடமிருந்த எம்பி3 சிடியைக் கொண்டுவந்து நீட்டினான். பாதி சாமி பாட்டு, பாதி சினிமாப் பாட்டு. போட்டுப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. எம்பி3 பாடவைக்கிற பேக்கேஜ் எங்கள் கிடங்கில் கிடையாது. ஏதோ உரிமைத் தகராறு, அதனால் சேர்க்க மாட்டார்கள்.

“இன்னா பாப்பா, இம்மாம் பெரிய மிசினு, ஒரு பாட்டு பாடத் தெரியலயா அதுக்கு?” என்று அண்ணன் சிரித்தான்.

“அந்த பேக்கேஜை வெளியிலேர்ந்து ஏத்த முடியாதா?” என்று மேனேஜர் கேட்டார்.

“ஏத்தலாம் சார். ஆனா வேற கிடங்குலேர்ந்து எடுத்தா சத்தத்துக்கான லைப்ரரியை மாத்திடும். சைரனும் அதே லைப்ரரியிலதான் ஊதுது. சைரன் போயிடும். மைக் செட் வாடகைக்கு எடுத்துக்குங்க சார்.”

“சரிம்மா, விடு” என்றார். ரொம்ப நல்லவர் மாதிரிச் சொன்னார். நான் பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஸ்டாப்பில் நெடுநேரம் பஸ் இல்லை. நின்றுகொண்டிருக்கும்போதே யார்டு ஸ்பீக்கரில் பாட்டு அலறியது. மைக் செட் வந்துவிட்டது, அதிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒயர் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் கூட்டம் நெரித்தது, பொரிப் பொட்டலம் நசுங்கிப் போனது.

மைக் செட் வரவில்லை. சர்வீஸ்காரர் வந்திருந்தார்.

லீவு முடிந்து நான் வந்த காலையில் கம்ப்யூட்டர் மஞ்சள் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. பூஜையில் வைத்த ஆயுதத்தை எடுக்கிற நாள் வரைக்கும் யாரும் தொடக்கூடாது என்று மானிட்டரை அணைத்து, மாலை போட்டு, துணியால் மூடியிருந்தார்கள். துணியை எடுத்ததும் குப்பென்று நாற்றம். ஊறின பொரி என்று நினைத்தேன். குனிந்து முகர்ந்தேன். இது அது இல்லை. ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.

நான் ராயபுரத்தில் பிறந்தவள். காசிமேட்டுக் காற்று எங்கள் வீட்டுக்குள் வந்து படுத்துத் தூங்கிவிட்டுப் போகும். மீன் வாடை எனக்கு நாற்றமே அல்ல. ஆனால் அன்றைக்கு வந்தது வேறு. இரும்புப் பெட்டிக்குள் அடைபட்ட இறால், லீவு முழுக்க வெயிலில் கிடந்து இளகி அழுகிய நாற்றம். மேல் அடுக்கில் இருந்த பெட்டி, பழையது, கதவு ரப்பர் நைந்தது. அதன் இடுக்கு வழியாகப் பழுப்பாக ஏதோ கீழ்ப் பெட்டியின் மேல் சொட்டி, அங்கே ஈக்கள் கம்பளம் விரித்த மாதிரி உட்கார்ந்திருந்தன. பெட்டியைக் கிரேனில் இறக்கிக் கதவைத் திறந்தபோது கிரேன் டிரைவர் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். நானும் எடுத்தேன். சொல்வதற்கென்ன.

மாற்று ஆள் வராததால் லீவு முழுக்க டூட்டி பார்த்தது அண்ணன்தான். நாற்றம் தெரிந்ததும் விடியற்காலையில் மேனேஜருக்குப் போன் செய்ததும் அவன்தான். லீவின் முதல் நாளே கரண்டு போயிருக்கிறது. ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ள ஆன நேரத்தில் கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்திருக்கிறது. யுபிஎஸ் பேட்டரி செத்துப்போய் விட்டது என்று நான் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. அதே நேரத்தில் இந்த ஒரு பெட்டியின் சுவிட்சு மட்டும் விழுந்துவிட்டது. சைரன் ஊதவில்லை. அண்ணன் கீழே நடந்து பார்த்திருக்கிறான், எல்லா விசிறியும் இரைகிற சத்தத்தில் மேலே ஒன்று நின்றது அவனுக்குத் தெரியவில்லை.

நான் சைரன் புரோகிராமைக் கையால் ஓட்டிப் பார்த்தேன். ஒரே வரியில் பதில் வந்தது. இன்ன லைப்ரரியைக் காணவில்லை. பேக்கேஜ்களைப் பார்த்தால் எனக்குத் தெரியாத ஒரு கிடங்கு புதிதாகச் சேர்ந்திருந்தது. பாட்டு பேக்கேஜ் வந்திருந்தது, அதன் உறவுகள் எல்லாம் வந்திருந்தன, பழைய லைப்ரரியை ஃபோர்ஸ் வெளியே தள்ளியிருந்தது. பூஜையன்று பாட்டுப் போட்டபோது சைரன் புரோகிராம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, அதனால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அணைந்து எழுந்தபோதுதான் லைப்ரரியைத் தேடியிருக்கிறது. கிடைக்கவில்லை. சத்தமில்லாமல் செத்துவிட்டது. கத்துவதற்கென்றே எழுதின புரோகிராம், தான் சாகும்போது ஒரு வார்த்தை கத்தவில்லை.

மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஸ்கிரீனைப் பார்க்கவே இல்லை.

“மத்தியானம் சர்வேயர் வர்றார்மா, சரக்குக்காரங்க சார்பா நஷ்டக் கணக்கு எடுக்க. அதுக்குள்ள சைரனைச் சரி பண்ணிடு.”

“சரி பண்ணிட்டா, அவர் பார்க்கும்போது சைரன் ஊதும் சார்.”

“ஊதணும்ல?”

“லீவுலயும் ஊதியிருக்கும், பிளக் பார்க்கறவன்தான் தூங்கிட்டான்னு ஆயிடும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. தூங்கிவிட்டான் என்று ஆக வேண்டும் என்பதுதான் அவருக்கு வேண்டியது. கான்ட்ராக்ட் ஆள் தூங்கினால் கான்ட்ராக்டர் தலையில் கட்டிவிடலாம். ஆபீஸ் கம்ப்யூட்டர் கெட்டால் யார்டு தலையில் விழும். என் வேலையை நான் ஒழுங்காகச் செய்தால் என் அண்ணன் வேலை போகும். இப்படி ஒரு கேவலத்தில் ஒரு மனிதர் என்னை நிறுத்தி வைத்துவிட்டு, அழுத்தமாகக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

“பாட்டுப் போட்டதாலதான் இதெல்லாம்னு நான் சொல்லுவேன் சார்.”

“என்ன பாட்டு? சாமி பாட்டு” என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பூஜை பண்ணதால சரக்கு கெட்டுதுன்னு சொல்லப் போறியா? அதுவும் நீங்க வேதக்காரங்க. கேக்கறவங்க எப்படி எடுத்துப்பாங்கன்னு யோசிச்சியா?”

நான் அவர் கையால் பொரி வாங்கித் தின்றவள். என் அண்ணன் அவர்கள் பூசணிக்காயை உடைத்தவன். அன்றைக்கு வரை ஞாபகம் வராத வேதம் அவருக்கு அந்த நிமிஷத்தில் ஞாபகம் வந்தது.

“சர்வேயர் பார்க்கிற வரைக்கும் நான் இதுல கை வைக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அண்ணன் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு மிச்சப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சைரன் இல்லையே, அதனால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஏணி போட்டு ஏறி இறங்கினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“மிசினை ரெடி பண்ணச் சொல்றாராமே, நீ மாட்டேன்னு நின்னுகினு கீறியாமே?” என்றான்.

“ரெடி பண்ணா உன் பாஸ் போயிடும்ணா.”

“அதுக்காண்டி? ரெடி பண்ணலன்னா இன்னும் எத்தினி பொட்டி கலீஜாவுமோ. நா ஒத்த ஆளு எங்கேன்னு ஓடறது?” ஏணியைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினான். “அந்த சிடி என்துதானே பாப்பா. நாந்தானே குடுத்தேன்.”

“சிடி குடுத்தது ஒரு குத்தமா? ஏத்தினவன் யாரு, ஏத்தச் சொன்னவன் யாரு? வாயை மூடிக்கினு இரு. அவர் கேட்டா சிடியைப் பத்தி ஒண்ணும் பேசாத” என்றேன். எனக்கே தெரியாமல் அவன் பாஷை என் வாயில் வந்திருந்தது. அவன் தலையாட்டினான். அவன் தலையாட்டினால் கேட்கப் போவதில்லை என்று அர்த்தம், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

நான் திரும்பிப் போவதற்குள் மேனேஜர் சர்வீஸ்காரரை வரவழைத்து என் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். பவுச்சைத் திறந்து ஒரு சிடியை எடுத்து வயிற்றில் தேய்த்துக்கொண்டிருந்தார் அவர். பழைய லைப்ரரியைத் திரும்ப ஏற்றப் பார்த்தார். புதியதோடு மோதுகிறது என்றது மெஷின். புதியதை எடுக்கப் பார்த்தார். அதை எடுத்தால் இன்னும் இத்தனை பேக்கேஜ்கள் போகும் என்று ஸ்கிரீன் நிறையப் பட்டியல் போட்டது. படிக்கவே இல்லை. ஃபோர்ஸ். அடுத்தது மறுத்தது. ஃபோர்ஸ். பொரியை மென்றுகொண்டே அடித்தார். அது என் கீபோர்டிலிருந்து எடுத்த பொரியா, எறும்பு மொய்த்ததா என்று நான் பார்க்கவில்லை, பார்க்கவும் விரும்பவில்லை. கடைசியில் மெஷினை அணைத்துப் போட்டார். அது எழுந்திருக்கவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

“ஹார்ட்வேர் பிராப்ளம் மேடம்” என்றார். பவுச்சை மூடிக்கொண்டு போய்விட்டார்.

நான் காட்ட நினைத்த அந்த ஒரு வரியும் அதோடு போயிற்று.

சர்வேயர் மூக்கின் கீழ் தைலம் தடவிக்கொண்டு வந்தார். நெற்றியில் குங்குமம். பெட்டியைப் பார்த்தார், போட்டோ எடுத்தார், கன்ட்ரோல் ரூமுக்கு ஏறி வந்தார். மேனேஜர், நான், அண்ணன் மூவரும் நின்றோம்.

“சைரன் சிஸ்டம் இருக்குன்னீங்களே?”

“பூஜை சார்” என்றார் மேனேஜர். “ஆயுதத்தை வெச்சா எடுக்கிற வரைக்கும் தொடறதில்லை. அந்த நேரத்துக்கு ஆள் ரவுண்டு பார்க்கணும். அவன் பார்க்கலை.”

சர்வேயர் புரிந்துகொண்டு தலையாட்டினார். “எங்க ஆபீஸ்லயும் கம்ப்யூட்டரை மூடித்தான் வெப்போம்” என்றார். அவ்வளவு சுலபமாக முடிந்துவிடப் பார்த்தது.

நான் பேசினேன். சைரனை யாரும் ஓய்வில் வைக்கவில்லை, துணி போர்த்தியது மானிட்டருக்கு மட்டும்தான், உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது என்றேன். பாட்டுக்காக வேறு கிடங்கிலிருந்து பேக்கேஜ் ஏற்றியதையும், ஏற்றக் கூடாது என்று நான் சொன்னதையும், ரவுண்டு போகிற ஆட்களை எடுத்ததையும் சொன்னேன். எதையும் விடவில்லை. சர்வேயர் நான் பேசி முடிக்கிற வரை கேட்டார். அதற்காக இன்றைக்கும் அவருக்கு ஒரு நன்றி உண்டு. பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அந்தப் பாட்டு சிடி யாரோடது?”

நான் மேனேஜரைப் பார்த்தேன். மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார்.

“என்துதான் சார்” என்றான் அண்ணன்.

யாரும் அவனை மிரட்டவில்லை. கேட்டார்கள், சொன்னான். அவனால் அப்படித்தான் முடியும். மேனேஜர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். “கேட்டுக்குங்க சார். கான்ட்ராக்ட் ஆள், வெளியிலேர்ந்து கண்ட சிடியைக் கொண்டாந்திருக்கான். அதுலதான் சிஸ்டம் போயிருக்கு” என்றார். ஒரு நிமிஷம் முன்னால் பூஜையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த சைரன் இப்போது சிடியால் கெட்டுப்போய்விட்டது. இரண்டையும் அதே வாய் சொன்னது, சர்வேயர் இரண்டையும் எழுதிக்கொண்டார். நான் சொன்ன உண்மையிலிருந்து தனக்கு வேண்டிய ஒரு துண்டை மட்டும் உருவிக்கொண்டு மிச்சத்தைத் துப்பிவிட்டார் அந்த மனிதர்.

பாஸைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அதிலும் ஒன்று, போவதற்கு முன்னால் அந்தப் பெட்டியைக் கழுவிவிட்டுப் போகச் சொன்னார்கள். அவனும் கழுவினான்! முட்டிவரை பூட்ஸ் போட்டுக்கொண்டு, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, அழுகினதை மண்வெட்டியால் வாரி வாரி வெளியே தள்ளினான். நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன். எனக்கு அவன் மேலும் வெறுப்பு வந்தது. மண்வெட்டியை வீசிவிட்டு வரத் தெரியாதா அவனுக்கு என்று பல்லைக் கடித்தேன்.

பிறகு மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். யார்டில் மிச்சப் பெட்டிகள் நின்றன. நாளைக்கு அவற்றுக்கு ஓடப் போகிறவனும் யாரோ ஒரு வீட்டு அண்ணன்தான். எல்லாவற்றையும் அழித்தேன். என் சிடிக்களை வைத்து முதலிலிருந்து சிஸ்டத்தை ஏற்றினேன். ஒரே கிடங்கு. வேறு எந்தக் கிடங்கையும் யாரும் சேர்க்க முடியாதபடி பாஸ்வேர்டை மாற்றினேன், அதை மேனேஜருக்குச் சொல்லவில்லை. சைரன் புரோகிராமை ஏற்றினேன். ஒரு பேக்கேஜ்கூட மறுக்கவில்லை, எதோடும் எதுவும் மோதவில்லை. ஒழுங்காகச் செய்தால் எத்தனை சுலபம் என்று நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

வெயில் சாய்ந்திருந்தது. காலிப் பிளக் ஒன்றின் சுவிட்சை அணைக்கச் சொல்லி எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்துவிட்டு, ஜன்னலைத் திறந்தேன். கேட்டில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். குளித்து, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, பூட்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நின்றான். கழுத்திலிருந்து பாஸைக் கழற்றி செக்யூரிட்டி கையில் கொடுப்பதைப் பார்த்தேன்.

அப்போது சைரன் ஊதியது.

அவன் திரும்பினான். ஒரு கணம்கூட நிற்கவில்லை. வெறுங்காலோடு, ஜல்லியும் ஆணியும் கிடக்கிற அந்தத் தரையில், ரீஃபர் வரிசையைப் பார்த்து ஓடினான்.

“யோவ், நைனா! உனுக்கு இன்னா அங்க வேல? அதான் பாஸைக் குடுத்துட்டியே!” என்று செக்யூரிட்டி பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினார்.

அண்ணனுக்கு அது காதில் விழவில்லை. ஜன்னலுக்குக் கீழே வந்து அண்ணாந்து பார்த்தான். மூச்சு இரைத்தது.

“பாப்பா, எந்தப் பொட்டி?” என்று கத்தினான்.

“டெஸ்ட்டுண்ணா” என்றேன். சைரன் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. கையை ஆட்டி, ஒன்றுமில்லை, சும்மா டெஸ்ட்டுதான் என்று மறுபடி கத்தினேன்.